இருநூறு கிராம் சோறு

ஈப்போவில் சீனியும் பாலும் இல்லாத தேநீர் வேண்டுமென்றால் "தே ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும். கோசோங் என்றால் மலாயில் காலி, பூஜ்யம். அறந்தாங்கியை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும், ஒன்றுமில்லாததைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது எனக்கு இன்னும் விநோதமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடையில் சீனி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். "சுகரா ஆத்தா?" என்று மாஸ்டரில் தொடங்கி பெஞ்சில் பேப்பர் படிப்பவர் வரைக்கும் துக்கம் விசாரித்துவிடுவார்கள். இங்கே யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படியொரு கோசோங் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டுதான், நாற்பத்தாறு வயதில் மேடையேறி இரும்பு தூக்க விடுவார்களா மாட்டார்களா என்ற கவலையில் நான் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய வீட்டு வரிசையில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ராஜு லாரி ஓட்டுகிறார். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரிசி மூட்டையைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்து எழுதித் தருவார் என்று போனால், "இனிமேல் தூக்காதே என்று சொல்ல மாட்டேன், ஒழுங்காகத் தூக்கக் கற்றுக்கொள்" என்றார் டாக்டர். அப்படித்தான் ஈப்போவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் மேய் லிங்கிடம் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை ஆன்ட்டி என்பாள். எங்களுக்குள் மலாய்தான், நீங்கள் படிக்கத் தமிழில் எழுதுகிறேன். இடுப்பு சரியான பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் அவள், "ஆன்ட்டி, போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன் லா. அறுபத்து மூணு கிலோ பிரிவு" என்றாள். அப்போது என் எடை அறுபத்தைந்தே கால். போட்டிக்கு எட்டு வாரம் இருந்தது. போட்டியன்று காலையில் நிறுக்கும்போது அறுபத்து மூன்றைத் தாண்டினால் மேடை கிடையாது, அவ்வளவுதான் சட்டம்.

எடை குறைய வேண்டும், சதை கரையக் கூடாது. அதற்காக மேய் லிங் மூன்று நிறப் பேனாவில் ஒரு தாள் எழுதித் தந்தாள். புரதம் எல்லா நாளும் ஒரே அளவு. மாவுச்சத்தும் கொழுப்பும் மட்டும் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசாப் பலகை மாதிரி: பளு தூக்கும் நாளில் சோறு ஏறும், எண்ணெய் இறங்கும், ஓய்வு நாளில் சோறு இறங்கும், கடலை, தேங்காய் கொஞ்சம் ஏறும். தூக்கும் நாளில் வேளைக்கு இருநூறு கிராம் சோறு, ஓய்வு நாளில் எண்பது. ஒரு சின்ன மின்தராசும் வாங்கிவரச் சொன்னாள். நான் பயிற்சிக்குக் கொண்டுபோன எவர்சில்வர் கிண்ணத்தையே அதில் வைத்துப் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். கிண்ணம் அங்கேயே இருக்க, தராசு பூஜ்யம் காட்டியது. "இப்ப இதுல போடுறது மட்டும்தான் கணக்கு." என் கல்யாணச் சீராக வந்த கிண்ணம் அது. ஓரத்தில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

இரண்டு வாரம் அந்தத் தாளை அப்படியே கடைப்பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முறுக்குக்கூடக் கடிக்கவில்லை. எடை அறுபத்தாறு தொள்ளாயிரம்! மேய் லிங் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆன்ட்டி, கேண்டீன்ல கள்ளத்தனமா சாப்புடுறீங்களா?" முகத்தில் அடித்தது போலிருந்தது. மறுநாள் என் தூக்குச் சட்டியை அவள் முன்னால் திறந்து வைத்தேன். "பாரு. நீ எழுதுன இருநூறு கிராம். ஒரு பருக்கை கூட்டல."

அவள் சோற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது எப்ப நிறுத்தது?"

"உலையில போடுறதுக்கு முன்னாலதான். வேற எப்ப?"

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வெந்த சோற்றைத்தான் அவள் இருநூறு என்று எழுதியிருக்கிறாள். நான் என்ன கண்டேன்? எங்கள் ஊரில் அரிசியைப் படியால் அளப்போம், இங்கே தோட்டத்து வழக்கப்படி பால் டின்னால். இரண்டு இடத்திலும் அளப்பது அரிசியைத்தான். வெந்த சோற்றை யாராவது நிறுப்பார்களா? இருநூறு கிராம் அரிசி வெந்தால் அறுநூறுக்குப் பக்கம் வந்துவிடும். 'சீனப் பெண்ணாக இருந்தாலும் நல்ல மனசு, வயிறு நிறையப் போடச் சொல்கிறாள்' என்று அவளை வாழ்த்திக்கொண்டே, முடியாமல் முடியாமல் மருந்து போல விழுங்கியிருக்கிறேன். "அதான் போன வாரம் அப்படித் தூக்குனீங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இடி. மறுநாள் முதல் எங்கள் வீட்டில் தைப்பூச விரதம். அவருக்குக் காவடி, எனக்குப் பால்குடம், நாற்பத்தெட்டு நாள். போட்டி வருவது பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால்.

"கோழி இல்ல, மீன் இல்ல, முட்டையும் இல்ல! ஆன்ட்டி, உங்க சாமிகிட்ட ஆறு வாரம் தள்ளிக் கேக்க முடியாதா?"

"சாமிகிட்ட பேசியாச்சு. உன்கிட்டதான் பேசணும்."

வீட்டில் ராஜு வேறு. "செல்வி, கவிச்சி இல்லாம கம்பி தூக்கப் போறியா? கம்பிதான் ஒன்னய தூக்கும்!"

விரதம் என்றால் உடம்பு தானாக இளைக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் விரதங்களில் வடையும் பாயசமும் அப்பளமுமாக வருஷா வருஷம் பெருத்தவள் நான். இந்த முறை வடை வெந்த எண்ணெயிலிருந்து தாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சுண்டல், பருப்பு, ஆடை எடுத்த தயிர் என்று கூட்டிப் பார்த்தேன். புரதம் எட்டவில்லை, எட்டவைத்தால் கூடவே மாவுச்சத்து எகிறியது. அப்போதுதான் மேய் லிங், "தெம்பே சாப்புடுங்க" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது.

காரணம் இருக்கிறது. நான் வந்த முதல் வருஷம், அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா, காக் சைடா, இலையில் சுற்றி ஒரு பொட்டலம் தந்தார். பிரித்தால் சோயாக்கொட்டை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. கெட்டுப்போனதைத் தந்துவிட்டாரே, பாவம், சொன்னால் வருத்தப்படுவார் என்று வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லான "செடாப்", ருசி, என்றேன். அவருக்குப் பூரித்துவிட்டது. பூஞ்சை பிடிக்கவைத்தே செய்யும் பண்டமாம் அந்தத் தெம்பே; அன்றிலிருந்து வாரா வாரம் வந்தது. வாரா வாரம் வாழைக்குப் போனது. ஆக, இத்தனை வருஷம் கழித்து, அதை எப்படிச் சமைப்பது என்று கேட்டு நான் வேலியோரம் நின்றேன்.

காக் சைடா கண்ணைச் சுருக்கினார். "இத்தன வருஷமா எப்படிச் சாப்பிட்டே?"

"வாழ மரம்தான் காக் சாப்புட்டுச்சு."

வாழை மரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அவர் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "அதான் உன் வீட்டு வாழ மட்டும் அப்படித் தார் போடுதா!" அடுத்த ஆறு வாரமும் தினம் காலையில் வேலிமேல் புதுத் தெம்பே இருந்தது. ஓய்வு நாளில் தேங்காயோடு வறுத்தேன். தூக்கும் நாளில் எண்ணெய் தொடாமல் மிளகு ரசத்தில் போட்டேன். ராஜுவே தட்டை நீட்டினார்.

போட்டி நாள் காலையில்தான் அந்தக் கோசோங் தேநீர். வாங்கினேனே தவிர ஒரு வாய் குடிக்கவில்லை; அதுகூட எடைதானே? முந்தின இரவு வீட்டுத் தராசு அறுபத்து மூன்றே கால் காட்டியிருந்தது. போட்டி மண்டபத்துத் தராசில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். "அறுபத்திரண்டு எண்ணூறு" என்றார்கள். மேய் லிங் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

முதல் முறை தொண்ணூற்றைந்து கிலோ தரையை விட்டு மேலே வந்தது. நூறு வந்தது. மூன்றாவது முறைக்கு நூற்றைந்து எழுதினோம். கம்பி முட்டி வரை வந்து நின்றுவிட்டது. கை நழுவப் பார்க்கிறது. அப்போது பின்னாலிருந்து லாரிக்காரத் தொண்டை ஒன்று கிளம்பியது. "வேல் வேல்!" என் மனிதர்தான்! பழக்கதோஷம், காவடி தள்ளாடும்போது போடும் சத்தம். எதிரே மேய் லிங், என்னவென்று தெரியாமலே, "வேல் வேல்!" என்றாள். அவளுடைய மாணவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கூரை அதிர்ந்தது. இரும்பு நகர்ந்தது, நகர்ந்து, தொடையேறி, நான் நிமிர்ந்தேன். சரியாகத் தூக்கினாள் என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்கும் எரிந்தன. எங்கள் வயதுப் பிரிவில் மூன்று பேர்தான். ஆனால் முதல் இடம் முதல் இடம்தான், அதில் நான் தன்னடக்கம் காட்டுவதாக இல்லை.

பூசத்தன்று பால்குடம் இறகு போலிருந்தது. நான் பால்குடம் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அறந்தாங்கியிலிருந்து தங்கை அழைத்தாள். "என்னக்கா இப்படி எளச்சுப் போயிட்ட? அங்க அத்தான் சோறு போடலையா?" இங்கே வேலிக்கு அப்பாலிருந்து காக் சைடா, "இன்னும் நல்லாச் சதை பிடிச்சிருக்கு" என்று கையைக் கிள்ளிப் பார்க்கிறார். ஒரே உடம்புதான்.

தங்கை அழைத்த அன்று ஓய்வு நாள். சோற்றை நிறுக்க அம்மா பெயர் வெட்டிய கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினேன். போன் பேசிக்கொண்டே கிண்ணத்தை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. காலித் தராசு சும்மா இல்லை. மைனஸ் நூற்று நாற்பத்திரண்டு காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கவனித்ததில்லை. எடுத்த பொருளின் எடையை அது மறக்காமல் வைத்திருக்கிறது. அறந்தாங்கி வீட்டில் நான் உட்கார்ந்த இடமும் இப்படித்தான் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்குமோ? சித்திரையில் ஒரு மாதம் ஊருக்குப் போனால், இந்த வேலியோரமும் காட்டுமோ? "அக்கா, இருக்கியா?" என்றாள் தங்கை. "இருக்கேன்டி" என்று கிண்ணத்தைத் திரும்ப வைத்தேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. எண்பது கிராம் போட்டுக்கொண்டேன், வெந்த சோறு.