மலைக்குச் சொல்லாமல் விட்ட கிட்டார் சேதி

மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. கல்லூரியில் என்னோடு படித்த நண்பனின் ஊர். பொங்கல் முடிந்து அங்கே அம்மன் திருவிழா. "ஒரு தடவையாவது வாடா, கிட்டாரையும் எடுத்துக்கினு வா" என்று அவன் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கிட்டாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்த பிறகு, எனக்கென்று நான் வாங்கிய முதல் பொருள் அந்தக் கிட்டார். ஆன்லைனில் இருப்பதிலேயே விலை கம்மியானது. சீனாவிலிருந்து வந்தது. பெட்டியில் என்னென்னவோ எழுத்து. பார்சலைப் பிரித்தபோது அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, உள்ள ஒண்ணுமே இல்ல, வெத்துப் பொட்டியா கீது" என்றார். அம்மா தன் பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து அதைச் சுற்றிக் கொடுத்தாள்.

விலை கம்மி கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு அதன் குணம் தெரியும். கம்பி மேலே தூக்கி நிற்கும். அழுத்தி அழுத்தி விரல் நுனி வெடிக்கும். காலையில் சரியாக முறுக்கி வைத்தால் சாயந்தரம் வேறு சுருதியில் இருக்கும். நல்ல கிட்டார் வாசிக்கிறவர்கள் இதை ஒரு கிட்டாராகவே சேர்க்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அதுதான் கிட்டார். ஃபோனில் வீடியோ பார்த்தே நாலைந்து பாட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடியின் மேல் கிட்டாரை வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். கண்டக்டர், "தம்பி, கொழந்த தூங்குதா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

நண்பனுடைய அண்ணன்தான் அந்த ஊரில் தப்பு மேளம் அடிப்பதில் முதல் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். மரவள்ளிக் கொல்லையில் வேலை செய்துவிட்டு மண் ஒட்டிய கைகாலோடு வந்தவர், கை கழுவினதும் கிட்டாரைத்தான் கேட்டார். மடியில் வைத்து முதுகைத் தட்டிப் பார்த்தார். "நாளைக்கு நீ இத வாசி, நான் கூட அடிக்கிறேன். ரெண்டும் சேருதான்னு பாக்கலாம்" என்றார். நான் சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனவர்கள்கூட வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயந்தரம் ஒத்திகை மாதிரி உட்கார்ந்தோம். மலையில் தை மாதத்துப் பனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பொழுது சாயும்போதே இறங்கிவிட்டது. நான் கம்பியை முறுக்க முறுக்கச் சுருதி இறங்கிக்கொண்டே போனது. சத்தமும் அமுங்கிவிட்டது, சாக்குக்குள் வைத்து அடிக்கிற மாதிரி. "இந்தப் பனியில இது செத்துப்போச்சுண்ணே, நாளைக்கு மானம் போவப் போவுது" என்று நான் அலுத்துக்கொண்டேன்.

அண்ணன் குனிந்து கிட்டாரின் ஓட்டைக்குள் பார்த்தார். "உள்ள தோலு கீதா?" என்றார்.

"இல்லண்ணே, எல்லாம் மரந்தான்."

"மரமும் ஈரம் குடிக்குமே தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் நண்பனோடு ஓடைக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் சருகும் வைக்கோலும் எரிந்து தணிந்திருந்தது. தப்புகள் எல்லாம் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. தப்பு அடிக்கிறவர்கள் அடிப்பதற்கு முன்னால் அதைத் தீயில் காய்ச்சுவார்கள். பனியில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகினால்தான் சத்தம் பிடிக்கும். அந்த ஊரில் எல்லாருடைய தப்பையும் அண்ணன்தான் காய்ச்சுவாராம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, தப்பைப் பார்க்காமலேயே தீக்கு மேல் திருப்பித் திருப்பிப் பிடிப்பாராம். எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று கைக்கே தெரியுமாம். இதெல்லாம் நண்பன் ஓடையில் பெருமையாகச் சொன்னது.

உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து மீட்டினேன். கணீரென்றது. வாங்கின நாளிலிருந்து அது அப்படிப் பேசினதே இல்லை. வெளியே ஓடிவந்து எல்லாரிடமும், "இன்னிக்கு இன்னாமோ தெரியல, இது இன்னா சத்தம் குடுக்குது பாருங்க" என்று சொன்னேன். அண்ணன் தப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

உச்சிப் பொழுதில் கோயில் முன்னால் உட்கார்ந்தோம். ஊரே சுற்றி நின்றது. "அகப்பைய வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற?" என்று ஒரு அத்தை கேட்டார். முதல் பாட்டு ஆரம்பித்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு தப்போடு மெதுவாகப் பாட்டுக்குள் வந்தார். நிஜமாகவே சேர்ந்தது. என் தட்டுத்தடுமாறல் எல்லாம் அவர் அடிக்குள் மறைந்துபோனது. பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். என் வாழ்க்கையில் நான் நன்றாக வாசித்தேன் என்று சொல்ல முடிந்தால், அந்த ஒரு பாட்டைத்தான் சொல்வேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் பட்டென்று ஒரு சத்தம். கம்பிகளைக் கீழே பிடித்திருக்கிற பிரிட்ஜ் என்ற மரக்கட்டை, அப்படியே பெயர்ந்து கம்பிகளோடு தொங்கியது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழ முடியுமா? அதனால் சிரித்தேன். "சைனா மாலு, அவ்வளவுதான் தாங்கும். இனிமே தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். "அகப்ப காம்பு கழண்டுக்கிச்சு" என்றார் அந்த அத்தை. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தொங்கின கட்டையைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஒட்ட முடியாதா என்று கேட்டார். "வுடுங்கண்ணே, போனது போனதுதான்" என்றேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அப்புறம் அன்றைக்கு அவர் அடித்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே வந்தேன். கள்ளக்குறிச்சியில் மரச் சிற்பம் செதுக்குகிற பட்டறைகள் உண்டு. தெரிந்தவர் ஒருவரிடம் கிட்டாரைக் கொண்டுபோனேன். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை போட்டு, இறுக்கிக் கட்டிக் காயவைத்துக் கொடுத்தார். "மரத்துக்கு ஒண்ணும் ஆவல, பசைதான் வுட்டுருக்கு. எங்கனா சூட்டுல வெச்சியா?" என்று கேட்டார். எனக்கு பஸ்ஸின் இன்ஜின் மூடி ஞாபகம் வந்தது. அதுதான் என்று முடிவு கட்டினேன். மாசி பிறந்த கொஞ்ச நாளிலேயே கிட்டார் முன்பு போலவே, பசை தெரிகிற ஒரு கோட்டைத் தவிர, முழுசாகிவிட்டது. நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். மலையில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நண்பன் அப்போது வேலைக்கு ஓசூர் போயிருந்தான். ஃபோனில் பேசினால் வேலை பற்றிப் பேசுவோம். கிட்டார் பேச்சு வரவில்லை.

அடுத்த தை வந்தது. திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற வழியில் நண்பன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தான். டீ குடித்தோம். அண்ணன் இந்த வருடமும் நன்றாக அடிக்கப் போகிறாரா என்று கேட்டேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"அண்ணன் தப்ப தொட்டே வருஷம் ஆவுதுடா. எனக்கே அண்ணி இப்பதான் சொல்லிச்சு" என்றான்.

போன வருடம் நாங்கள் குளிக்கப் போயிருந்தபோது, அண்ணன் தப்புகளோடு சேர்த்து என் கிட்டாரையும் தீயில் காய்ச்சியிருக்கிறார். கம்பி இருக்கிற முகத்தைத் தீப்பக்கம் காட்டி, தப்பைப் பிடிக்கிற மாதிரியே பதமாக. நான் அலுத்துக்கொண்டதைக் கேட்டு, விருந்தாளிப் பையனுக்கு மானம் போகக்கூடாது என்று. அது கணீரென்று பேசினபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாம். கட்டை பெயர்ந்தபோது தன் கைதான் காரணம் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான் சிரித்ததைக்கூட, விருந்துக்கு வந்த இடத்தில் நான் காட்டின பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாராம். கரும்பு வெட்டுகிற வீட்டுப் பையன் ஆசைப்பட்டு வாங்கினதைத் தான் நாசம் பண்ணிவிட்டதாக அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அதோடு சரி. அடுத்தவன் பொருளை இனிமேல் தீக்கிட்டே கொண்டுபோக மாட்டேன் என்று, அடிப்பதையும் விட்டு ஒதுங்கிவிட்டார். ஆவணியில் ஊருக்குள் ஒரு கல்யாணம் வந்தபோதுகூட வேறு ஆட்கள்தான் அடித்தார்களாம்.

நான் அப்படியே கள்ளக்குறிச்சியில் தங்கியிருந்த ரூமுக்கு ஓடி, கிட்டாரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். இந்தத் தடவை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அண்ணன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். கிட்டாரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, அந்தக் கட்டை ஒட்டியிருந்த கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார்.

"இது அதேவா?"

"அதேதாண்ணே."

"எப்ப ஒட்டுன?"

"மாசியிலண்ணே."

"போன மாசியா?"

நான் தலையாட்டினேன். அவர் அந்தக் கோட்டிலிருந்து விரலை எடுத்தார். அப்புறம் கோபம் கொஞ்சமும் இல்லாமல், "ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே தம்பி. பஸ்ஸு தெனம் வருதே" என்றார்.

அவர் சொன்னது நிஜம். மலைக்குப் போகிற கண்டக்டர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள், கல்யாணச் சேதி கொண்டு போவார்கள். "உங்க ஊர் அண்ணன்கிட்ட, கிட்டார் சரியாப் போச்சுன்னு சொல்லிடுங்க" என்று கள்ளக்குறிச்சியில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அது ஏற்கெனவே விலை கம்மி கிட்டார், எப்படியும் ஒரு நாள் பெயர்ந்திருக்கும் என்று சொன்னேன். "அப்ப நல்லதா இருந்திருந்தா தாங்கியிருக்குமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நல்ல கிட்டாரை நான் தொட்டதே இல்லை. அதையும் சொன்னேன். அப்புறம், அன்று காலையில் அவர் காய்ச்சிக் கொடுத்தபோது பேசின மாதிரி அது அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை என்றேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

நானும் நண்பனும் விடாமல் கெஞ்சியதில் மறுநாள் காலையில் தீக்கிட்டே வந்தார். அவருடைய தப்பையே கொடுத்தார்கள். வருடம் பூராவும் பரண்மேல் கிடந்து ஒரு ஓரத்தில் எலி கடித்திருந்தது. தீக்கு மேல் பிடித்தார். பிடித்த கணமே இழுத்துக்கொண்டார். மறுபடி பிடித்தார். கண் தோலைவிட்டு நகரவே இல்லை. பார்க்காமலேயே காய்ச்சுவாராம் என்று நான் கேட்டிருந்த மனிதர். தட்டிப் பார்த்தார், சத்தம் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் நீட்டி, "நீ காய்ச்சு. என் கைய என்னாலயே நம்ப முடியல" என்றார்.

அன்று அவர் அடித்தார். என்னோடும் ஒரு பாட்டுக்கு அடித்தார். ஊருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு அடுத்த தையிலும் நான் போயிருந்தேன். தப்புகளை வேறு யாரோதான் காய்ச்சினார்கள். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, காய்ச்சி முடித்துக் கையில் கொடுக்கும்வரை காத்திருந்தார்.

என்னுடையது பசையில் ஒட்டிக்கொண்டது, அதுவும் ஒரே மாதத்தில். இப்போதெல்லாம் என்னிடம் ஒரு பொருள் உடைந்து சரியானால், அது உடைந்தபோது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். மலை பஸ் கிளம்புகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால், அந்த மாசி மாதத்தில் நான் சொல்லி அனுப்பாத அந்த ஒரு வார்த்தை இன்னும் என் வாயிலேயே கிடக்கிற மாதிரி இருக்கிறது.