குடிகாரன் என்று சொன்ன வாய்

விசுவாசிகளே, எந்தச் சபை என்னைக் குடிகாரன் என்றதோ அதே சபையின் நடுவில் நின்று இதைச் சொல்லுகிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. மலாயாவில், கோத்தா திங்கி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உபதேசியார். கள்ளுக்கடைப் பாதையில்கூட நடந்தவன் அல்ல.

ரப்பர் விலை விழுந்து, வேலை போய், பாதிச் சனம் ஊருக்குக் கப்பலேறிய வருஷம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தேன். தரை நழுவியது. வேதப்புத்தகத்தோடு முன்வரிசைப் பெண்கள் மேல் போய் விழுந்தேன். அடுத்த வாரமும் அப்படியே!

சபை மூப்பரான கங்காணி மூக்கைப் பொத்திக்கொண்டார். "உபதேசியாருக்குக் காலையிலேயே ஏறிடுச்சு லா!" என்றார். சனம் சிரித்தது. அந்த மனுஷனுக்கு ஒரு வசனம் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. கள்ளு வாசம் மட்டும் அத்துப்படி. "இன்னொரு தடவ விழுந்தா, ஜொகூர் பாரு போதகருக்குக் காகிதம் போயிரும்" என்று மிரட்டல் வேறு. வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும். இந்த வயதில் நான் எங்கே போவேன்?

வீட்டில் முழங்கால்படியிட்டு அழுதேன். "ஆண்டவரே, இந்தச் சபையில் குற்றமில்லாதவனைக் குடிகாரன் என்று சொன்ன வாய் வெட்கப்பட்டுப் போகட்டும்." கங்காணியின் வாயை நினைத்துத்தான் கேட்டேன். ஏன் ஒளிக்க வேண்டும்?

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

"இப்ப கண்ணை மூடுங்கோ."

மூடினேன். அவர் கையிலேயே சாய்ந்தேன்.

"இது குடி இல்லை, ஐயா. வயசு போகப் போகக் காதுக்குள்ள இருக்கிற நிதானம் குறைஞ்சு போகும். கண் திறந்திருந்தா அது உங்களைத் தாங்கும். மூடினா விழுவியள்."

"மருந்து?"

"மருந்தில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செபியுங்கோ."

அந்த ஞாயிறு மேசையைப் பிடித்து, கண்ணைத் திறந்தபடி ஜெபித்தேன். அசையவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஜெபிக்கிற சபையைப் பார்த்தேன். ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி நின்றுகொண்டே தூங்கினார். சீ, இந்தக் கூட்டத்துக்கா பயந்தேன் என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஏசடியானைப் பார்த்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், என்னைவிட மூத்தவர். மூன்று வருஷத்துக்கு முன், ஜெபத்தில் தள்ளாடினார் என்று நான்தான் அவரைத் திருவிருந்திலிருந்து தள்ளினேன். "நான் குடிக்கலங்க ஐயா" என்று கெஞ்சினார். வாயை முகர்ந்து பார்த்தேன், வாசம் வரவில்லை. "வாசமில்லாத சரக்கு போல" என்றேன். சனம் அன்றும் சிரித்தது. இப்போது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து, கண்ணைத் திறந்தபடி ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெபத்தைப் பாதியில் விட்டு வெளியே போனேன். எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். "கையப் பிடிக்காதீங்க ஐயா, ரெண்டு பேரும் விழுந்துருவோம்" என்றார். விழவில்லை. அன்று திருவிருந்தில் என் பக்கத்தில் நின்றார்.

போதகருக்குக் காகிதம் போகவில்லை. கங்காணி இன்னும் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கும் வயதாகாமலா போகும்? நீங்களும் கர்த்தரிடம் நம்பிக் கேளுங்கள். கேட்டதை அப்படியே கொடுப்பார். அந்த வாய் வெட்கப்பட வேண்டும் என்று கேட்டேன். அந்த வாயால்தான் இப்போது கர்த்தருக்கு நன்றி சொல்லுகிறேன்.