முப்பத்தெட்டு வருடம் கழித்துப் பதுளையில் எங்கள் கல்யாணப் பதிவு

எங்கள் மகள் சுமதி இத்தாலியில் ஒரு முதிய அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். என்னையும் மனைவி மல்லிகாவையும் தன்னோடு வைத்துக்கொள்ள அங்கே விண்ணப்பிக்க இருக்கிறாள். அதற்காகக் கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போய்வந்தோம். இதே காரியமாக அலையும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். பிழையாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. தாலி கட்டினேன், ஊருக்குச் சாப்பாடு போட்டோம், பதியவில்லை. அப்போது தோட்டத்தில் பலரும் அப்படித்தான். அதனால் சுமதியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு. நான் பாடசாலை ஆசிரியர். எத்தனையோ பிள்ளைகளின் படிவங்களைத் திருத்திக் கொடுத்தவன். இதைத் திருத்தப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று தள்ளிப்போட்டே காலம் போய்விட்டது. இப்போது கடதாசிப்படி தாய் போகலாம், நான் போக முடியாது.

"நீங்க இல்லாம நா மட்டும் போயி என்னங்க செய்யிறது?" என்றாள் மல்லிகா.

முதலில் கல்யாணத்தைப் பதிந்து, அந்தச் சான்றிதழைக் காட்டிப் பிறப்பை மறுபடி பதியலாம் என்று அறிந்தோம். பதிவாளரிடம் கல்யாண அறிவித்தலை முன்பே கொடுத்திருந்தோம்.

காலை 7.10க்குப் பேருந்து. ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், ஆளுக்கு எண்பது ரூபாய். ஹாலி எல வரை நின்றுகொண்டே போனோம். மல்லிகாவுக்கு முழங்கால் வலி என்பதால் பதுளை பஸ் நிலையத்திலிருந்து பதிவாளர் கந்தோருக்கு முச்சக்கரவண்டி பிடித்தோம், இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் ரவியைத் திரும்பிப் போகவும் நிற்கச் சொன்னேன்.

பத்திரங்கள் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து, வரிசைப்படி ஒரு அட்டைக் கோவையில் அடுக்கியிருந்தேன். பதிவாளர் யாழ்ப்பாணத்து அம்மா. கோவையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் வடிவா இருக்கு ஐயா. சாட்சிக்காரர் ரெண்டு பேரும் எங்க?"

சாட்சி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எழுபத்தொரு வயதில் "என் கல்யாணத்துக்குச் சாட்சிக்கு வாங்க" என்று யாரிடம் கேட்பது? கந்தோரில் யாராவது போடுவார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வந்திருந்தேன். கோவையை மறுபடி அடுக்கத் தொடங்கினேன். மல்லிகா எழுந்து வாசலுக்குப் போய் ரவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"என்னா சேர், இன்னைக்கா கல்யாணம்? காலையிலயே சொல்லியிருந்தா வண்டிக்குப் பூ கட்டியிருப்பேனே!" என்றபடி அடையாள அட்டையோடு உள்ளே வந்தார் ரவி. எதிரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரையும் அவரே கூட்டிவந்தார். நானா கடையை அரைவாசி சாத்திவிட்டு வந்து, "மாப்புள புதுச் சட்டையாவது போட்டிருக்கலாம்" என்று ஆற அமரக் கையெழுத்திட்டார்.

படிவத்தில் என்னை மணமாகாதவர் என்று எழுதியிருந்தது. பதிவாளர் முறைப்படி, "விருப்பத்தோடதானே கட்டுறியள்?" என்று கேட்டார்.

"இப்ப கேக்குறீங்களேம்மா! முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தி கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள் மல்லிகா. பதிவாளரே சிரித்துவிட்டார். பதினொன்றரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. மறுபதிவு விண்ணப்பத்தையும் அன்றே ஏற்றுக்கொண்டார்கள். ரவி காத்திருந்ததற்கு ஒரு சதமும் வாங்கவில்லை. நானா பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாத இருவர் அரைநாள் வேலையை விட்டார்கள். நான் பயந்த நாலு பேர் இவர்கள்தான் போலும்.

போகிறவர்களுக்கு: முறைகள் மாறலாம், முதலில் தொலைபேசியில் கேளுங்கள். ஒன்பது மணிக்கு முன் போய்விடுங்கள். இருவரின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மூலப்பிரதியாக வேண்டும். சாட்சிக்குத் தெரிந்தவர்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கோயிலில் தாலி கட்டியவர்கள் பிள்ளை பிறக்குமுன் பதிந்துவிடுங்கள்.

விசா கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. மூன்று வாரத்தில் சுமதியின் புதிய பிறப்புச் சான்றிதழ் வந்தது. வீடியோ அழைப்பில் காட்டினேன். என் கை நடுங்கியதில் அவளுக்கு எழுத்துத் தெரியவில்லை.

"அப்பா, முழுசும் வேணாம். ஒங்க பேரு இருக்குற எடத்த மட்டும் கிட்டப் புடிங்க."

பிடித்தேன். அவள் வாசித்து முடிக்கும்வரை மல்லிகா என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள்.