வேலாயுதம் சார் சீக்கிரம் வந்த காரணம்

அந்தச் சனிக்கிழமை காலையிலும் நான் காப்பியை மெதுவாகத்தான் குடித்தேன். வேலாயுதம் சார் வெளியே கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார் என்று தெரிந்தே மெதுவாகக் குடித்தேன். ஏழரைக்குப் புறப்படலாம் என்றால் ஏழு மணிக்கே வந்து நிற்பது அவருடைய பழக்கம். ஏழரை ஆகாமல் வாசலுக்கு வருவதில்லை என்பது என்னுடைய பிடிவாதம். அவசரக்காரருக்கு அது ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அன்று வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் யாரும் இல்லை. சாலையோரத்தில் என் கார் மட்டும் நின்றது. "என்ன சார், இப்பதான் மணி பாக்கக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கும் ஆசையோடு அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். எடுத்தவர் அவருடைய மனைவி சரோஜா அக்கா.

"சார், அவரு எழுந்திரிக்கல சார்" என்றார்.

தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். கேட்க நினைத்த கேலி என் வாயிலேயே நின்றுபோனது. அதன் கசப்பு இன்னும் போகவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில், மாசாயில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், சனிக்கிழமைதோறும் ஜொகூர் பாருவில் கூடிப் பசியாறும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் அறிவியல் எடுத்தேன், அவர் உடற்கல்வி. ஒரு விளையாட்டுப் போட்டி நாளன்று, முந்தின நாள் மழையில் திடலில் போட்ட சுண்ணாம்புக் கோடுகளெல்லாம் கரைந்திருந்தன. நாங்கள் கவலையோடு வந்து பார்த்தால் கோடுகள் பளிச்சென்று கிடந்தன. தலைமையாசிரியர், "யாரு சொல்லிப் போட்டீங்க?" என்று கேட்டார். வேலாயுதம் சாருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "யாராச்சும் சொல்லணுமா சார்? கோடு அழிஞ்சிருந்துச்சு" என்றார்.

அவர் கார் ஓட்டுவதை விட்ட கதையும் பலருக்குத் தெரியும். வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை இடித்துவிட்டார். அந்த வாரமே பசியாறும் மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கண்ணு மங்கிடுச்சு லா. குப்பைத் தொட்டிக்கு வாயில்ல. நாளைக்கு வாயுள்ளது எதையாச்சும் இடிச்சா? காடிய வித்தாச்சு. இனிமே யாராச்சும் என்ன ஏத்திக்கிட்டுப் போங்க." நான் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். தன் உடம்பில் ஒன்று தேய்ந்துவிட்டது என்பதை இப்படி நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டு சொல்ல அவரால் முடிந்தது. என்னால் முடியாது. அப்போதே என் முட்டிகள் மடங்க மறுத்துக்கொண்டிருந்தன. குனிந்து உட்கார்ந்தால் எழ ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும். என் வீட்டாரைத் தவிர யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

என் காரில் ஒரு விளக்கு எரிந்த நாளுக்கு வருகிறேன். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஜொகூர் பாருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். முன்சீட்டில் அவர். பின்சீட்டில் எங்களோடு வேலை செய்த ராஜம் டீச்சர். என் எதிரே முகப்புப் பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போல ஒரு வளைவு, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி.

"சார், ஏதோ எரியுதே" என்றார் ராஜம் டீச்சர்.

"அது ஒன்னும் இல்ல டீச்சர். டயர் லைட்டு. பொத்தான அமுக்குனா போயிடும்."

"அமுக்காதீங்க சார்" என்றார் வேலாயுதம் சார். "காத்து குறைஞ்சிருக்கு. முன்னாடி எண்ணெய் ஸ்டேஷன்ல நிப்பாட்டுங்க, அஞ்சு நிமிசத்துல பாத்துடலாம்."

"போன வாரம்தான் சார் பாத்தேன்."

அது பொய். நான் பல மாதங்களாகப் பார்க்கவில்லை. பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினால் சக்கரத்தின் பக்கத்தில் குனிய வேண்டும்; குனிந்தால் இருவர் முன்னிலையில் எழ முடியாமல் தவிக்க வேண்டும். அதைவிடப் பொத்தான் எளிது. அமுக்கினேன். விளக்கு அணைந்தது.

"பொத்தான் காத்தடிக்காதே சார்" என்று அவர் சிரித்தார். பின்சீட்டில் ராஜம் டீச்சரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று பட்டது.

"காடி இல்லாதவங்களுக்குத்தான் காடியப் பத்தி எல்லாம் தெரியும் போல" என்றேன்.

அதன் பிறகு ஜொகூர் பாரு வரும்வரை அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் கடையில் உட்கார்ந்ததும் எப்போதும்போல அவரே, "சாருக்குத் தேத்தண்ணி, சீனி கம்மி" என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவர் செய்தது விளங்காது. காரின் நான்கு சக்கரங்களையும் கைகோத்து நடக்கும் நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயரில் காற்றுக் குறைந்தால் அது சற்றே அமுங்குகிறது. அந்தப் பிள்ளையின் கால் குட்டையாகிவிட்டது போல. மற்றவர்களோடு சேர்ந்து போக அது கூடுதலாக எட்டு வைக்க வேண்டியிருக்கும். என் காரில் டயருக்குள் கருவி எதுவும் கிடையாது. பிரேக்குக்காகச் சக்கரங்களின் வேகத்தை அளக்கும் கருவிகளைக் கொண்டுதான், ஒரு சக்கரம் மட்டும் கூடுதலாகச் சுற்றுவதை அது கண்டுபிடிக்கிறது, விளக்கைப் போடுகிறது. என் மகனுடைய காரில் ஒவ்வொரு டயருக்குள்ளும் ஒரு கருவி உட்கார்ந்து காற்றின் அளவையே எண்ணாகக் காட்டும். என் கார் அந்த வசதிக்காரப் பிள்ளை அல்ல.

பொத்தான் எதற்கு? நான்கு டயர்களிலும் காற்றைச் சரியாக நிரப்பிய பிறகு, "இதுதான் சரியான நிலை, நினைவில் வைத்துக்கொள்" என்று காருக்குச் சொல்வதற்கு. நிரப்பாமல் அமுக்கினால், குறைந்த நிலையையே சரி என்று அது கற்றுக்கொள்ளும். தவறான விடையைக் கரும்பலகையில் எழுதிவைத்து, அதைப் பார்த்துப் பிள்ளைகளின் தாளைத் திருத்துவது போன்ற வேலை அது. காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் ஓட ஓடச் சூடேறும், வெடிக்கவும் கூடும். இதையெல்லாம் நான் இப்போதுதான் படித்தேன். அன்று படிக்காமலே பேசினேன்.

அடுத்த சனிக்கிழமை, காரில் ஏறியதும் வேலாயுதம் சார் சொன்னார்: "சார், ஒரு சின்ன வேலை. அந்தப் பொத்தான இன்னிக்கு ஒரு தடவ அமுக்குங்க."

"அலமாக்! போன வாரம் அமுக்காதீங்கன்னீங்க, இந்த வாரம் அமுக்குங்கறீங்க?"

"ஆமா சார். இன்னிக்கு அமுக்கலாம்."

அமுக்கினேன். எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பசியாறும் மேசையில் இதை ஒரு நகைச்சுவையாகவே சொன்னேன். "பாத்தீங்களா, வேலாயுதம் சாரே வழிக்கு வந்துட்டாரு!" எல்லோரும் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவே இல்லை. என் கை ராசி என்று பெருமையடித்தேன். "நம்ம காடியில லைட்டே எரியாது" என்று நான் சொல்லாத சனிக்கிழமை இல்லை.

ஒருமுறை அவர் தயங்கித் தயங்கி, "இடது பக்கத்துப் பின்டயர ஒரு தடவ கடையில காட்டிடலாம் சார். ரிம் ஓரத்துல கசியுற மாதிரி இருக்கு" என்றார்.

"லைட்டு எரியுதா சார்?"

"எரியல."

"அப்புறம் என்ன?"

வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, "புரிஞ்சுச்சா?" என்று கேட்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதியைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று புதிய ஆசிரியர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் காரின் அமைதிக்கு மட்டும் அந்தப் பாடம் எனக்கு நினைவு வரவில்லை.

இன்னும் ஒன்று. இதை எழுதத்தான் கை தயங்குகிறது. அவர் ஏறும்போது கதவுப் பிடியில் கறுப்பாக விரல் பதியும். சந்தன நிற இருக்கையிலும் ஒருமுறை பதிந்தது. வேர்வையும் வழியும். அவர் வீடு இரண்டு சந்து தள்ளித்தான். "ரெண்டு லோரோங் நடந்ததுக்கே இப்படி வேர்க்குதே, நீங்கதானா பிள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தீங்க?" என்பேன். காலடியில் எப்போதும் ஒரு கனத்த துணிப்பை வைத்திருப்பார். "என்ன சார் பையில, குடும்ப நகையா?" என்று ராஜம் டீச்சர் கேட்டால், "அந்த மாதிரிதான் லா" என்பார். நான் முன்சீட்டில் ஒரு பழைய துண்டை விரித்தேன். அவருக்கு மட்டும். "இன்னும் திடல்ல பந்து பொறுக்கிட்டுத்தான் வர்றாரு போல" என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் துண்டைத் தடவிப் பார்த்து, "நல்ல யோசனை சார், சீட்டு புதுசா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கருமாதி அன்று அவர் வீட்டுக்குப் போகும் வழியில், மாசாய்க்குள்ளேயே, அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. இறங்கி உள்ளே போய் ராஜம் டீச்சரிடம், "இத்தனை நாளா எரியாத லைட்டு இன்னிக்குப் பாத்து எரியுது டீச்சர்" என்றேன். பக்கத்தில் நின்ற சரோஜா அக்காவின் காதில் விழுந்தது.

"எரியத்தான சார் செய்யும்" என்றார் அக்கா. "அவரு போனதுல இருந்து யாரு காத்தடிச்சா?"

எனக்கு விளங்கவில்லை. அக்கா உள்ளே போய் அந்தத் துணிப்பையை எடுத்து வந்தார். அதற்குள் காலால் மிதிக்கும் ஒரு பம்பு இருந்தது, காற்றளவைக் காட்டும் முள்ளோடு.

"இத நீங்களே வெச்சுக்குங்க சார். உங்க காடிக்குன்னே வாங்குனது. காடி நகர்றதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கப்பவே அடிக்கணுமாம். அதுக்குத்தான் ஏழு மணிக்கே ஓட்டமா ஓடுவாரு. கண்ணுதான் தெரியாதே, போன் லைட்டப் புடிச்சு முள்ளுகிட்ட மூக்க வெச்சுப் பாப்பாராம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்:

"'சாருக்கு முட்டி வலி சரோஜா, குனிய முடியல, கூச்சத்த விட்டு என்கிட்ட கேட்டாரு'ன்னாரு. காடிய வித்ததுக்கு அப்புறம் மனுசன் சும்மாவே உக்காந்திருந்தாரு சார். நீங்க ஒரு வேலைன்னு கேட்டதுல அவருக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? வெள்ளிக்கிழமையே பம்ப எடுத்து வாசல்ல வெச்சிருவாரு. ரொம்ப நன்றி சார்."

சுற்றி நின்ற நீங்கள் எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தீர்கள். ராஜம் டீச்சர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கூப்பி, "பரவால்ல அக்கா" என்றேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். பையையும் வாங்கிக்கொண்டேன்.

அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். பையை அல்ல, நன்றியை. அக்கா, நான் கேட்கவில்லை. அவரிடம் எந்த உதவியும் நான் கேட்டதில்லை. என் முட்டி வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. திடலில் பிள்ளைகள் நொண்டுவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தவருக்கு என் நடையே சொல்லியிருக்கும். உதவியை மறைவாகச் செய்தார். உங்களிடம் சொல்லும்போது என்னை வாய்விட்டுக் கேட்கத் தெரிந்த மனிதனாக ஆக்கிச் சொன்னார். நான் பரிகாசம் செய்த பிறகு செய்தார். பொத்தானை நான்தான் அமுக்க முடியும் என்பதால், அதற்காக என் கேலியையும் வாங்கிக்கொண்டார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால், "காத்து குறைஞ்சிருந்துச்சு" என்றுதான் சொல்லியிருப்பார்.

இடது பக்கத்துப் பின்டயரைக் கடையில் காட்டிவிட்டேன். ரிம் ஓரத்தில்தான் கசிந்தது. சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் எந்த டயரிலும் காற்று மெல்ல மெல்லக் குறையத்தான் செய்யும். அதனால் சனிக்கிழமை ஏழு மணிக்கு நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். குனிய முடியாததால் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து குழாயை மாட்டுகிறேன். எழும்போது காரைப் பிடித்துக்கொள்கிறேன். லோரோங்கில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பிறகு பம்பை மிதிக்கிறேன். வேர்க்கிறது. விரல்களெல்லாம் கறுப்பாகின்றன.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பம்பும் அந்தத் துண்டும்தான். துண்டில் அவர் கை துடைத்த கறை அப்படியே இருக்கிறது; துவைக்கவில்லை. முன்சீட்டிலிருந்து அதை எடுத்துவிட்டேன். இப்போது ஓட்டுகிறவனின் இருக்கையில் விரித்திருக்கிறேன்.