மெருகேறாத பாதிக் கல்

எங்கள் வாசற்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பாதிக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறோம். தரை துடைக்கும்போது அதன் மேலும் ஈரத் துணியை ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன். சாம்பல் பூத்துக் கிடக்கும் கல்லில் மாதுளை முத்துகளைப்போலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். என் கணவர் எந்த அறையில் இருந்தாலும் அந்நேரம் வந்து நிற்பார். ஈரம் காய்ந்ததும் போய்விடுவார்.

கல் முழுசாக இருந்தபோது அதற்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். சிறுவயதில் மஞ்சக்குட்டை ஓடையில் அதைக் கண்டெடுத்தது தான்தான் என்பார் இவர். தம்பி சுமந்துதான் வந்தான், கண்டது நான் என்பார் இவருடைய அக்கா. என் நாத்தனாரான அவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போட்ட கை சும்மா இருக்குமா? வெள்ளக்கடை ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் கல் அறுக்கும் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டக் கற்களைப் பலகை பலகையாக அறுத்துத் தேய்ப்பார். விற்பதற்கல்ல, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆசைதான்.

நிலத்தைப் பாகம் பிரித்தபோது இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. வருடங்கள் ஓடின. ஒருநாள் இவர் கல்லை என்னிடம் கொடுத்து, "அக்காவையே அறுக்கச் சொல்லு. ஆளுக்குப் பாதி. அதோட தீரட்டும்" என்றார். மனசில்லாமல்தான் கல்லை நாத்தனார் வீட்டுக்குத் தூக்கிப் போனேன். இதுவும் பிரிந்துவிட்டால் இந்த இரண்டு பேருக்கும் சண்டை போடக்கூட ஒன்றும் மிஞ்சாது.

நாத்தனார் கல்லை நனைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளவாக்கில் அறுப்பது சுலபம், ஆனால் சிவப்பெல்லாம் ஒரு பாதிக்கே போய்விடும். குறுக்கே அறுத்தால் உள்ளே ஓடும் விரிசலில் கல் நொறுங்கலாம். மாலைவரை அவசரப்படாமல் குறுக்கேதான் அறுத்தார். இரண்டு பாதியிலும் சிவப்பு இருந்தது. அறுத்த முகத்தில் பிளேடின் கோடுகளும் அப்படியே இருந்தன.

"தேய்ச்சு மெருகு போடலீங்களா?" என்றேன்.

"அறுக்கறது எம் பங்கு கண்ணு. மெருகு வேணும்னா அவனே வரட்டும்."

கதவுக்கு முட்டுக் கொடுக்க மெருகு எதற்கு என்று இவர் முறுக்கிக்கொண்டார். மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லை மஞ்சள் பையில் போட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். சாயங்காலம் நகக்கண்களில் சாம்பல் சேறோடு திரும்பினார்.

"மொரட்டுப் பொடிதான் இன்னைக்கு ஆச்சு. அடுத்த பொடிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லுது அக்கா."

கரடான பொடியில் தொடங்கி மாவு போன்ற பொடிவரை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் கல் பளபளக்கும்; நனைக்காமலே சிவப்பு தெரியும். அக்கா நினைத்திருந்தால் ஓரிரு நாளில் முடித்திருப்பார். அது இவருக்கும் தெரியும். சில வாரம், "கீறல் நிக்குதாம், பழைய பொடிக்கே திருப்பி உட்டுருச்சு" என்று அலுத்துக்கொண்டு வருவார். முகத்தில் மட்டும் அலுப்பைக் காணோம்.

கடைசிப் பொடி பாக்கியிருந்தபோது அக்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் துணி மூடிக் கிடந்த அவருடைய பாதியும் அதே நிலையில்தான் இருந்தது. தம்பியை முந்தி அவர் ஒரு பொடிகூடத் தேய்த்திருக்கவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன்.

"மிச்சத்த நாந் தேய்ச்சுத் தர்றனுங்க மாமா" என்றாள் அக்காவின் மகள்.

"இருக்கட்டும் சாமி" என்றார் இவர்.

இன்று காலையும் துடைத்தேன். வந்து நின்றார். கல் காய்ந்து மறுபடி சாம்பலானது. இவர் போகவில்லை.

"இன்னொருக்காத் தொடச்சு உடு" என்றார்.

துணியைப் பிழியாமல் அவர் கையில் கொடுத்தேன்.