எல்லாமே எங்க வீட்டுப் பானை

இன்று திருச்சுழிப் பக்கம், ரோமானியர்களோடு வணிகம் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு மேட்டைச் சுற்றிப் பார்க்கப் போனோம். வழிகாட்டி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மேடு இருப்பது ஒரு பருத்திக்காட்டில். காட்டுக்காரரும் கூடவே நடந்தார், யாரும் அழைக்கவில்லை.

ஆசிரியர் ஒரு பானைச்சில்லை எடுத்து, "ஈராயிரம் வருஷப் பழசு" என்றார்.

"எங்க வீட்டுப் பானை சார். போன பொங்கலுக்கு ஒடஞ்சது" என்றார் காட்டுக்காரர்.

அடுத்த சில்லுக்கும் அதே பதில்.

பழையது என்று தெரிந்தால் அரசாங்கம் காட்டை எடுத்துக்கொள்ளும் என்ற பயம். நியாயம்தான். ஆனால் இந்த வெயிலில் அவர் வீட்டுப் பாத்திரக் கணக்கைக் கேட்கவா வந்தேன்?

கடைசியில் ஒரு சாடியின் கைப்பிடி கிடைத்தது. "இத்தாலியிலிருந்து மது வந்த சாடி!" ஆசிரியர் அதைத் தன் வேட்டியாலேயே துடைத்தார்.

"எங்க அய்யா கள்ளு குடிச்ச சாடி சார்."

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"ஏங்க, மாமா டீத்தண்ணிகூடத் தொட மாட்டாக. அவுக பேரையா கெடுக்குறீக? சார், இது எங்க சாடியே இல்ல. அந்தப் பக்கம் இன்னும் நெறையக் கெடக்கு, வாங்க காட்டுறேன்!"

மாமனார் பெயர் தப்பியது. காடு தப்புமா என்று சட்டம் தெரிந்தவர்கள் கீழே கருத்தில் சொல்லுங்கள். காட்டுக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.