குழாயில் இருந்த ஈரம்

லாரி ஷெட்டில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஆறட்டும்’. கொதித்துப்போய் வந்து நிற்கும் எந்த வண்டியைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். டிரைவர் அவசரப்படுவார், சூப்பர்வைசர் குதிப்பார். இவர் என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டியின் ஃபேன் பெல்ட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

“சட்டியில கொதிக்கிற தண்ணிக்கு எல்லாரும் பயப்படுறீங்க. இது மூடிக்குள்ள அடைபட்டு, கொதிக்கக்கூட இடமில்லாம கெடக்குற தண்ணிப்பா. திறந்தா மொத்தமும் ஒண்ணா மூஞ்சிக்கு வரும்” என்று புதிய டிரைவர்களிடம் சொல்வார்.

இருபத்திரண்டு வருடமாக ரேடியேட்டர் வேலை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வெந்நீர் வரும் மேல் குழாயைப் பிடித்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுவார். குளிர்ந்திருந்தால்தான் சாக்கை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதி திருப்பி நிறுத்துவார். உஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகே முழுதாகத் திறப்பார். இதையெல்லாம் ஒரு தகரத்தில் பெயின்ட்டால் எழுதித் தூணில் மாட்டியும் வைத்திருந்தார். அதன்மேல் டிரைவர்கள் சட்டை காயப்போட்டார்கள்.

அவருடைய மச்சினனும் அங்கேதான் டிரைவர். மனைவியின் ஒரே தம்பி. தாய் இல்லாமல் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். அவன் ஓட்டிய வண்டி அடிக்கடி சூடேறியது. சூடு தணிக்கும் கூலன்ட் திரவம் கேட்டு எழுதினால், குழாய்த் தண்ணீரே போதும் என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. ரேடியேட்டர் மூடியின் பல் தேய்ந்துவிட்டது, பாதியில் நிற்காது, புதுசு வேண்டும் என்று மூன்று முறை எழுதினார். அதற்குப் பதிலே இல்லை.

ஒரு நண்பகலில் அவர் ஷெட்டின் பின்கோடியில் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மச்சினன் வந்து காலைத் தட்டினான்.

“மாமா, என் வண்டிக்குத் தண்ணி குறையுது. கொஞ்சம் பாருங்க. கப்பலுக்குப் போற சரக்கு, சூப்பர்வைசர் உயிரை வாங்குறாரு.”

“எப்ப வந்து நிறுத்துன?”

“ஒரு மணி நேரம் ஆச்சு மாமா.”

போய் மேல் குழாயைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. கையில் ஈரம் ஒட்டியது. எங்கோ கசிகிறது, பிறகு பார்க்கலாம் என்று நினைத்தார். சாக்கை மடித்துப் போட்டு, முகத்தைத் திருப்பி, மூடியைப் பாதி திருப்பினார். பல் தேய்ந்த மூடி பாதியில் நிற்கவில்லை. சாக்கையும் தூக்கிக்கொண்டு பறந்தது. சத்தத்துக்கு அவர் திரும்பியதும் கொதிநீர் மொத்தமும் முகத்தில் அடித்தது.

அவர் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டதாம். வலது கண் அன்றே போயிற்று. இடது கண்ணுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிந்தது. கழுத்திலும் கையிலும் தோல் சுருங்கி இறுகியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஆபீசிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். தூணில் மாட்டியிருந்த தகரத்தைப் படம் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். “நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. நீங்களே மீறலாமா?” என்றார் ஒருவர். இன்னொருவர் டிரைவரின் வாக்குமூலத்தை வாசித்தார். வண்டி சூடாக இருக்கிறது, வேண்டாம் என்று தான் சொல்லியும் மெக்கானிக் கேட்கவில்லை என்று மச்சினன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான்.

அவருக்கு மூச்சு விட்டாலே கன்னம் எரிந்தது. தலைமாட்டில் மனைவி நின்றிருந்தாள். “எத்தனை பேருக்குப் புத்தி சொன்னீங்க, கடைசியில நீங்க இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று அழுதாள்.

அலட்சியம் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மனைவி ஒரு துணி ஆலையில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். வாரம் இருமுறை கட்டு மாற்ற அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது மச்சினன்தான். மருந்து வாடை அடிக்கும் அந்த நீள வராந்தாவில் வரிசைக்குக் காத்திருந்தபோது ஒருநாள் அவன் வாயைத் திறந்தான்.

“மாமா, அன்னிக்கு வண்டி...”

“குழாய் மேல பச்சைத்தண்ணி ஊத்துன. அதானே?”

“யாரு சொன்னா மாமா?” என்றான் அவன்.

“இத்தனை மாசமா படுத்துக்கிட்டு வேற என்னத்தை யோசிக்கிறது? கசிவுன்னு நெனச்சேன். உள்ள அவ்வளவு கொதிச்சது கசிஞ்சிருந்தா வெந்நீரால்ல இருக்கணும்.”

“வண்டி வந்து நின்னு பத்து நிமிஷந்தான் ஆச்சு மாமா. உங்க மாமாவைக் கூப்பிட்டா ஆறட்டும்னு உக்காந்துக்குவாரு, குழாயை மட்டும் நனைச்சு விடுன்னு சூப்பர்வைசர்தான் சொன்னாரு. இப்படி ஆகும்னு சத்தியமா நெனக்கல. அப்புறம் கையெழுத்துப் போடலன்னா வேலை போயிடும்னாரு.” அவன் குரல் உடைந்தது. “நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன் மாமா. நாளைக்கே சொல்லிடறேன்.”

“சொல்லு” என்றார் அவர்.

மறுநாள் முழுவதும் வாசல் பக்கமே காதை வைத்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஆஸ்பத்திரி நாள் வந்தது, அவன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பாவம் பார்த்துக் கூட்டிப்போனார். ஒரு மாதம் கழித்து விஷயம் காதுக்கு வந்தது. அவனுக்கு ஒரு புது வண்டி கொடுத்து, தொலைதூர ஓட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தார். ஆலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்காரும் அவளுடைய மூச்சைக் கேட்டதும் தண்ணீர்ச் சொம்பைத் தடவி எடுத்து நீட்டிவிடுவார். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த ஒருவன்தான். அவளாகவே வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

“என் தம்பியை என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலையே.”

“ஒண்ணும் சொல்லாமத்தான் வாசப்படி மிதிக்க மாட்டேங்கிறானா? கண்ணு போனதுலேருந்து எல்லார்மேலயும் எரிஞ்சு விழறீங்க. என்மேல விழுங்க, நான் தாங்கிக்கறேன். அவன் சின்னப்பய. எத்தனை நாள் உங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனான்!”

அவர் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் விடவில்லை. போனை எடுத்து நம்பரைப் போட்டு, மணி அடிக்கும்போதே அவருடைய காதில் வைத்து அழுத்தினாள்.

“தப்பா எடுத்துக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்காகச் சொல்லுங்க.”

எதிர்முனையில் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, “அக்கா?” என்றான் அவன்.

“நான்தான்” என்றார் அவர்.

வண்டி கியர் மாறியது மட்டும் கேட்டது. மனைவி அவர் தோளில் கையை வைத்துக் காத்திருந்தாள்.

“நான் ஏதாவது சொல்லியிருந்தா தப்பா எடுத்துக்காதப்பா. அக்காவை ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ.”

அவன் மூச்சு இரண்டு முறை வேகமாக வந்து போனது. பிறகு இணைப்பு அறுந்தது.

“என்ன சொன்னான்?” என்றாள் மனைவி.

“வர்றேங்கறான்.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தம்பி வந்தால் உட்கார ஆகுமென்று, நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.